கொட்டும் கூட்டமும்



நல்ல சங்கீதம் என்றால் இராகம் வேண்டும், பாடல் வேண்டும், அவற்றைத் தாங்குவதற்குத் தாளம் வேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த கோவில்பட்டியில் வளர்ந்தவனுக்கு வேறு எண்ணம் தோன்றுவதும் அரிது. அவர் 1964-இல் மறைந்தார். ஆயினும் அவருடைய இசைத்தட்டுக்களைக் கேட்டே செவி பழகிய வீடுகள் எங்கள் ஊரில் பல.

சென்ற ஆண்டு, பெங்களூரில் பணிபுரியும் என் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தன் கைப்பேசியில் ஓர் இசையைக் கேட்கச் செய்தான். ‘ஹார்ட் டெக்னோ’ என்பது அதன் பெயராம். மாவு மில் ஓடுவது போன்ற ஒரே அடி. நிமிடத்துக்கு 140, 150, சில வேளைகளில் 160 அடிகளும் உண்டு என்றான். “இதிலே பாட்டு எங்கேயப்பா?” என்று கேட்டேன். “அப்பா, இதை இப்படிக் கேட்டால் ஒன்றும் தெரியாது. நேரில் போய் நிற்க வேண்டும்” என்றான்.

அந்த மறுமொழி எனக்குப் புதிதன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், மேசையில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவனைப் பிரம்பால் அடித்தேன். மேளக்காரர் வீட்டுப் பிள்ளை அவன். “இது என்னடா சத்தம்?” என்றதற்கு, “சார், கொடைக்கு வந்து கேளுங்க, அப்பத்தான் தெரியும்” என்றான். அதையும் துடுக்கு என்று எண்ணி, மேலும் ஓர் அடி கொடுத்தேன்.

அவன் சொன்னது நையாண்டி மேளத்தை. எங்கள் கரிசற் சீமையில் மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்து, நிலம் வெடித்துக் கிடக்கும் கோடையிலேதான் பல ஊர்களில் அம்மன் கொடை நடக்கும். அங்கே நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம் ஆகியவை சேர்ந்து முழங்கும். பம்பை என்பது ஒன்றாகப் பிணைத்த இரண்டு கொட்டுக்கள். உறுமிக்கு இடை சுருங்கிய உடல். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் புலி உறுமுவது போன்ற தாழ்ந்த ஒலி எழும். இந்த மேளத்தில் நாகசுரம் உண்டெனினும், ஆட்சி செலுத்துவது கொட்டே.

இப்படிப்பட்ட இசையை ஏன் நேரில் கேட்க வேண்டும்? இதற்குப் பௌதிக விடை ஒன்று உண்டு. விநாடிக்கு 50 அதிர்வு கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அத்தகைய ஒலிக்கு வேண்டிய அளவு காற்றை அசைக்க இயலாது. நேரிலோ அவ்வொலியைச் செவி மட்டுமன்றி மார்புக்கூடும் உணர்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு மின்னிசைக் கச்சேரியின்போது, செவிக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியை இடையிடையே சேர்த்தும் நிறுத்தியும் சோதித்து, முடிவை 2022-இல் வெளியிட்டனர். அவ்வொலி இருந்த நேரங்களில் மக்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு மிகுதியாக அசைந்தாடினர். அது ஒலிப்பதும் நிற்பதும் அவர்களுக்குத் தெரியவே இல்லை! இதை வானொலியில் சொல்வது சற்று வேடிக்கைதான். உங்கள் வானொலிப் பெட்டியும் அவ்வொலியைத் தர இயலாது.

மற்றொரு விடை மனத்தைப் பற்றியது. ஒரே அடி திரும்பத் திரும்ப வரும்போது, அடுத்த அடியை உள்ளம் முன்கூட்டியே எதிர்பார்த்து நிற்கிறது. நையாண்டி மேளத்தில் தவில் சட்டென்று நின்று, உறுமி மட்டும் தனித்து உறுமும். கூட்டம் மூச்சடக்கி நிற்கும். பின்னர் எல்லாக் கொட்டும் ஒருசேர விழும்போது, ஆயிரம் பேர் உடலும் ஒரே கணத்தில் துள்ளும். டெக்னோ வாசிப்போரும் தாழ்ந்த அடியைச் சிறிது நேரம் எடுத்துவிட்டு, ஏங்க வைத்து, மீண்டும் கொணர்கின்றனர். தனியறையில் இந்த எதிர்பார்ப்பு ஒருவனுக்கு மட்டும் உரியது. கூட்டத்தில் அது எல்லார்க்கும் பொது. அந்த ஒருமைப்பாடே இந்த இசையின் பொருள் என்று நான் கருதுகிறேன். இராகம் என்ற அளவுகோலால் இதனை அளப்பது, துணியைப் படியால் அளப்பது போலாகும்.

டெக்னோ தோன்றிய வரலாறும் சிந்திக்கத் தக்கது. 1980-களில் அமெரிக்காவின் மோட்டார் தொழில் நகரமான டெட்ராய்ட்டை ஒட்டி, ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் இதனை உருவாக்கினர். 1989-இல் பெர்லின் சுவர் வீழ்ந்தபின், அந்நகரில் கைவிடப்பட்டுக் கிடந்த ஆலைகளிலும் நிலவறைகளிலும் இது குடிபுகுந்தது. கிழக்கு இளைஞரும் மேற்கு இளைஞரும் ஒரே தளத்தில் ஆடினர். 2024-இல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

நாம் என்ன செய்தோம்? கொட்டை விரும்பினோம், கொட்டுகிறவரை ஊரின் ஓரத்தில் நிறுத்தினோம். பந்தியில் கடைசி இலை, கூலியில் பேரம். இப்போது பல கொடைகளில் கேரளத்துச் செண்டை மேளமும் ஒலிபெருக்கி வண்டியும் அவருடைய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் செல்கிறார்கள்; அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உட்செவியின் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கேளிக்கை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. ஆகவே ஒலிபெருக்கியின் வாயருகே குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். பெரியவர்களும் விலகி நில்லுங்கள். இடையிடையே செவிக்கு ஓய்வு கொடுங்கள்.

நான் பிரம்பால் அடித்த அந்த மாணவனின் பம்பையை, சென்ற சித்திரையில் ஒரு கொடையிலே முதன்முறையாக முழுதும் நின்று கேட்டேன். விடியும்வரை என் கால்கள் என் சொற்படி நிற்கவில்லை. முடிந்ததும் அருகே சென்று, “அன்று அடித்தது என் பிழையப்பா” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “இன்னிக்காவது வந்தீங்களே சார்” என்றார்.

உங்கள் ஊரிலும் அடுத்த கொடைக்கு மேளம் வரக்கூடும். நேரில் சென்று நின்று கேளுங்கள். கொட்டுகிறவருக்கு உரிய கூலியும், பந்தியில் உங்கள் அருகே ஓர் இலையும் கொடுங்கள்.