மனைக்கு எதிரே நிற்கும் லாரி

நெய்வேலி நகரியத்துக்குள் வீடு வாங்க முடியாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். முருங்கையும் மாமரமும் வைத்து, வாசலில் கோலம் போட்டு, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய குவார்ட்டர்ஸ், 60 வயதில் வேலை முடிந்ததும் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யிடமே திரும்பிப் போய்விடும். அதனால் ஓய்வுக்கு நாலைந்து வருஷம் இருக்கும்போதே இங்கே வீட்டுக்கு வீடு மனைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. இந்திரா நகரா, வடக்குத்தா, வடலூரா, குறிஞ்சிப்பாடியா, பண்ருட்டிப் பக்கமா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர்தான் இந்தக் கேள்வியோடு வந்து உட்கார்ந்தார். மனை பிடித்திருக்கிறது, விலை கட்டுப்படியாகிறது, நிலத்தடித் தண்ணீரும் நன்றாக இருக்கிறதாம். ஆனால் எதிரே காலி இடத்தில் லாரிகள் நிற்கின்றன, ஆட்கள் அதிலேயே சமைத்துத் தூங்குகிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு டெம்போ. அதில் ஒரு குடும்பமே இருக்கிறது. பக்கத்தில் அடுப்பு, கொடியில் துணி, மண்ணில் விளையாடும் பிள்ளைகள். "இத்தனை வருஷச் சேமிப்பு அண்ணே, இந்த இடத்துல போடலாமா?" என்றார். டீ வந்துவிட்டது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை. வேறு பலரும் இதையே கேட்பதால் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், வண்டியில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். நம் பகுதியில் அவர்கள் ஒரே வகை ஆட்கள் இல்லை. அனல்மின் நிலையத்துக்குப் போகும் பழுப்பு நிலக்கரி பெரும்பாலும் கன்வேயரில் போய்விடுகிறது. ஆனால் எரிந்து மிஞ்சும் சாம்பல் லாரியில்தான் போயாக வேண்டும், சிமென்ட் ஆலைக்கும் சாம்பல் கல் போடுபவர்களுக்கும். 2021 டிசம்பர் 31 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, மின்நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்குக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. சாம்பல் குட்டையில் கொட்டிக் காற்றில் பறக்கவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அத்தனை சாம்பலையும் ஏற்றிப் போக லாரி வேண்டும், லாரிக்கு டிரைவர் வேண்டும், முறை வரும்வரை அவர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். அந்த 'எங்கேயாவது'தான் உங்கள் மனைக்கு எதிரே இருக்கும் காலி இடம்.

அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் மெஷினோடு வெளிமாவட்டங்களிலிருந்து வருபவர்கள் வாரக்கணக்கில் வண்டியிலேயே இருப்பார்கள். பண்ருட்டியில் பலா இறங்கும் மாதங்களில் பழ லாரிகள் வரும். சாலையோரத்தில் உலை வைத்து அரிவாளும் கோடரியும் அடித்து விற்கும் வடநாட்டுக் குடும்பங்கள் உண்டு. வடலூர் பக்கம் இன்னொரு காரணமும் இருக்கிறது. வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையில் பசி என்று வருபவர்களுக்கு இன்றுவரை சோறு கிடைக்கிறது. ஊர் ஊராகப் போகிறவர்கள் அங்கே வந்து நாலு நாள் தங்கிப் போவதை நாம் குறையாகப் பேசக் கூடாது. அந்த ஊரின் பெயரே அதனால் வளர்ந்ததுதான்.

மனை வாங்கியதும் நீங்கள் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? போர் போடுபவரை. வருவது திருச்செங்கோட்டு ரிக் வண்டியாக இருக்கலாம். அதில் வேலை செய்யும் பையன்கள் பலர் வேறு மாநிலத்துக்காரர்கள், மாதக்கணக்கில் அந்த வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்கள். உங்கள் வீட்டுக்கு முதல் தண்ணீரை எடுத்துக் கொடுப்பவர்களும் வண்டியில் வாழ்பவர்களே. இதைச் சொன்னதும் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதற்காகப் பயத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ராத்திரி ட்யூஷன் முடிந்து மகள் அந்த வழியாக நடந்து வர வேண்டும் என்றால் எந்த அப்பாவும் கேட்கத்தான் செய்வார். கழிப்பறை இல்லாமல் பத்துப் பேர் ஓரிடத்தில் தங்கினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். விளக்குப் போடாமல் சாலையை ஒட்டி நிற்கும் லாரியின் பின்னால் பைக் மோதுவது நம் நெடுஞ்சாலைகளில் உயிர் குடிக்கும் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ தடையோ ஆகும்படி வண்டியைப் பொது இடத்தில் நிறுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. இதற்கெல்லாம் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, கொடுக்கவும் வேண்டும்.

திருட்டு பயம் மட்டும் எனக்கு அவ்வளவாக விளங்குவதில்லை. பெயர் தெரியாமல் வந்து போகிறவர்களில் லாரிக்காரரைப் போல அடையாளத்தோடு வருபவர் வேறு யாரும் இல்லை. வண்டி எண் இருக்கிறது, கதவில் உரிமையாளர் பெயரும் ஊரும் எழுதியிருக்கிறது, பெர்மிட் இருக்கிறது, எண்ணைத் தட்டினால் எம்பரிவாகன் செயலியில் பதிவு விவரம் வந்துவிடும். ஒரு தடவை போய் "எந்த ஊர், எத்தனை நாள் நிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். அதற்குப் பிறகு அவர் உங்களுக்கு வெறும் லாரிக்காரராக இருக்க மாட்டார்.

இனி, பெரும்பாலோர் கேட்க மறக்கும் கேள்விக்கு வருகிறேன். அந்த வண்டி நிற்பது யாருடைய இடத்தில்? இதற்குப் பதில் தெரியாமல் நீங்கள் செய்யும் எந்தப் புகாரும் மேஜைக்கு மேஜை அலையும். தேசிய நெடுஞ்சாலையின் இடம் என்றால் அங்கே 2002ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையும், கடலூரிலிருந்து வடலூர், விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் போகும் சாலையும் இந்த வகை. மாநில நெடுஞ்சாலைக்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம். புறம்போக்கு என்றால் 1905இலிருந்து இருக்கும் நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதில்கூட நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டுத்தான் அகற்ற முடியும். தனியார் மனை என்றால் அதன் சொந்தக்காரரிடம்தான் பேச வேண்டும். பல நேரம் அவரே வாடகைக்கு விட்டிருப்பார்.

மனைப்பிரிவுக்குள்ளே இருக்கும் சாலையும் பூங்காவும் வேறு கதை. அங்கீகாரம் வாங்கும்போது மனைப்பிரிவு போட்டவர் அவற்றைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு விட்டாக வேண்டும். அந்தத் திறந்தவெளியில் வேலி இல்லை, மரம் இல்லை, பலகை இல்லை என்றால் லாரி வந்து நிற்கத்தான் செய்யும். அங்கே பேச வேண்டியது டிரைவரிடம் இல்லை, ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ.

என்.எல்.சி. நிலம் என்றால்? இந்த இடத்தில் நண்பர் டீயைக் கீழே வைத்துவிட்டார். மத்திய அரசு நிறுவனத்தின் இடம் என்பதால் அங்கே செல்லுபடியாவது 1971ஆம் ஆண்டின் பொதுக் கட்டட வெளியேற்றச் சட்டம். அனுமதி இல்லாமல் இருப்பவருக்கு எஸ்டேட் அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, பிறகு வெளியேற்ற உத்தரவு போடுவார். ஓய்வுபெற்ற பிறகும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யாமல் இருப்பவர் மேல் பாயக்கூடியதும் இதே சட்டம்தான். முப்பது வருஷம் நிறுவனத்துக்கு உழைத்தவரும், நேற்று வந்து நின்ற டெம்போக்காரரும் இந்த மண்ணில் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சொந்த இடம் இல்லாத கவலை என்னவென்று நெய்வேலிக்காரர்களுக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

நடைபாதையில் குடியிருந்தவர்களை மும்பை மாநகராட்சி அகற்ற முயன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் கொடுத்த தீர்ப்பு, ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சொல்வார்கள், இந்த விஷயம் முழுவதற்கும் அடித்தளம். பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். நடைபாதையில் நிரந்தரமாக இருக்க உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்காமல், நோட்டீஸ் இல்லாமல் தூக்கி எறியக் கூடாது என்றது. இதே சிக்கல் அமெரிக்காவிலும் பெரிதாக ஓடுகிறது. லாஸ் ஏஞ்சலீஸில் வண்டியில் குடியிருப்பதைத் தடுத்த விதியை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவில்லாதது என்று ரத்து செய்தது. 2024இலோ அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் படுப்பவர்களுக்கு நகரங்கள் அபராதம் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. எனக்குப் பிடித்தது இவை இரண்டும் இல்லை. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இரவில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்தங்களை வண்டியில் வாழ்பவர்களுக்குப் பாதுகாப்போடு திறந்துவிடும் திட்டம் 2004இலிருந்து நடக்கிறது. தெருவிலிருந்து வண்டி போகிறது, ஆளுக்கும் இடம் கிடைக்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. பழைய நிலப் பதிவேடுகளைப் புரட்டினால் வண்டிப்பேட்டை என்று ஒரு வகை இருக்கும். மாட்டுவண்டிக்காரர் இரவில் அவிழ்த்துக் கட்ட, தண்ணீர் காட்ட, சமைத்துச் சாப்பிட ஊரே ஒதுக்கிய இடம். வண்டி மாறிவிட்டது, அந்த இடங்களில் கடையும் கட்டடமும் வந்துவிட்டன, ராத்திரி தங்க வேண்டிய மனிதர் மட்டும் அப்படியே இருக்கிறார். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி இரவில் தங்க நேரும் இடத்தில் ஓய்வறை கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று எழுதிவைத்தது. சாலையோரத்தில் எத்தனை ஓய்வறை பார்த்திருக்கிறீர்கள்? 2025இலிருந்து தயாராகும் புது லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல காரியம். ஆனால் இன்றைக்கு ஓடும் பழைய லாரிகளில் சித்திரை வெயிலில் கேபினுக்குள் படுக்க முடியாது. அதனால்தான் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மனை வாங்கலாமா என்ற கேள்விக்கு வந்தேன். வண்டி இன்றைக்கு நிற்கும், நாளைக்குப் போகும். போகாமல் உங்களோடு தங்கிவிடும் சிக்கல்கள் காகிதத்தில் இருக்கின்றன. வில்லங்கச் சான்றை முப்பது வருஷத்துக்காவது எடுங்கள். புலப்படத்தையும் அ பதிவேட்டையும் வாங்கி, பக்கத்து எண்கள் பட்டாவா, புறம்போக்கா, பாதையா என்று பாருங்கள். எதிரே லாரி நிற்கும் இடம் யாருடையது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். 2016 அக்டோபர் 20க்கு முன்பு போட்ட அங்கீகாரமில்லாத மனை என்றால், 2017இன் வரன்முறை விதிகளின்படி ஒழுங்குபடுத்திய உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நெய்வேலியைச் சுற்றி இன்னும் ஒன்று பார்த்தே ஆக வேண்டும். அந்தச் சர்வே எண் சுரங்க விரிவாக்கத்துக்குக் கேட்கப்பட்டிருக்கிறதா? இங்கே தொழிலுக்கான நில எடுப்பு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிர் மேல் எந்திரங்கள் இறங்கியதை நாம் எல்லாருமே பார்த்தோம். நிலம் பல வருஷங்களுக்கு முன்பே எடுத்தாயிற்று என்றது நிறுவனம். உழுதுகொண்டிருந்தவர்களுக்கோ அது அன்றைக்குத்தான் பறிபோனது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. மனை பார்க்கப் போகிறவர் எதிரே கொடியில் காயும் துணியைக் கவனித்த அளவுக்கு நில எடுப்புப் பட்டியலைக் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். வட்டாட்சியர் அலுவலகத்திலும் நில எடுப்புத் தனி வட்டாட்சியரிடமும் கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

"சரி, காகிதம் எல்லாம் சுத்தம்னே வைங்க. லாரி நிக்குதே?" என்றார் நண்பர். நின்றால், குடியேறிய பிறகு நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். "அகற்றுக" என்று மட்டும் எழுதினால் ஒரு வாரம் வண்டி அடுத்த தெருவில் நின்றுவிட்டுத் திரும்பி வரும். சாலையை விட்டுத் தள்ளி ஒரு லாரி நிறுத்துமிடம், அதில் குழாயும் கழிப்பறையும் ஒரு விளக்கும் வேண்டும் என்று கேளுங்கள். ஊராட்சிச் சட்டத்திலேயே வண்டிப்பேட்டை அமைக்க ஊராட்சிக்கு அதிகாரம் இருக்கிறது. லாரிகளை வரவழைப்பது என்.எல்.சி.யின் சாம்பல் என்பதால், நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இதற்குப் பணம் கேட்பதில் தப்பே இல்லை. எண்ணெய் நிறுவனங்கள் சில பெட்ரோல் பங்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் டிரைவர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் கட்டிக் கொடுக்கின்றன. நம் பக்கத்து பங்கில் ஒன்று கேட்டு எழுதலாம்.

டெம்போவில் இருக்கும் குடும்பத்துக்கு வேறு மனு. பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், கல்வி உரிமைச் சட்டத்தின்படி மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. நரிக்குறவர், குருவிக்காரர் என்றால், 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், வீட்டுமனைப் பட்டாவுக்கு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எழுதத் தெரிந்தவர் ஒருவர் உடன் போனால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

வடக்குத்து மாதிரி ஊராட்சியில் வாங்கினால் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவைத் தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்கள். வடலூர் 2021இல் நகராட்சியாகிவிட்டதால் அங்கே வார்டு உறுப்பினரையும் ஆணையரையும்தான் பார்க்க வேண்டும். நண்பர் பேனா கேட்டார். முதலில் புலப்படத்துக்கு விண்ணப்பிப்பதாகவும், அந்த டிரைவரிடம் ஊர் கேட்டுவிட்டு வருவதாகவும் எழுதிக்கொண்டார்.