லீவு முடிஞ்சாச்சு... மாடியில இருக்குற குட்டி நீச்சல்குளத்தை என்ன பண்ணப் போறீங்க?

போன ஜூன்ல எங்க அக்கா வீட்டுல நடந்தது இது. பசங்களுக்கு ஸ்கூல் திறந்தாச்சு. மாடியில இருந்த காத்தடிக்கிற நீச்சல்குளத்துல பாதித் தண்ணியை வெளியேத்திட்டு, ‘மீதியை ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்’னு விட்டுட்டாங்க. அந்த ஞாயித்துக்கிழமை வரவே இல்லை. பத்து நாள் கழிச்சுத் துணி காயப்போடப் போனா, தண்ணி முழுக்கக் கொசுப்புழு! பதறிப்போய்க் கவிழ்த்து, ஈரத்தோட சுருட்டிப் பரண்ல ஏத்திட்டாங்க. இந்த ஏப்ரல்ல எடுத்தா, ஒரே பூஞ்சை வாடை. ஒட்டிக்கிட்டிருந்த மடிப்பைப் பிரிக்கும்போதே கிழிஞ்சும்போச்சு.

குளம் கிழிஞ்சா வேற வாங்கிக்கலாம். ஆனா, யாரும் கவனிக்காத அந்தப் பாதித் தண்ணி இருக்கே, அதுதான் ஆபத்து. தவழுற, தத்தி நடக்குற குழந்தை மூழ்குறதுக்குச் சில அங்குலத் தண்ணியே போதும். சத்தம்கூட வராது. அதனால, காலி பண்ண ஆரம்பிச்சா அன்னைக்கே முழுசா காலி பண்ணிடுங்க. அதுவரைக்கும் மாடிக்கதவு பூட்டியே இருக்கட்டும்.

ஐந்தடி அகலக் குளத்துல ஒரு அடி உயரத்துக்குத் தண்ணி இருந்தாலே சுமார் 550 லிட்டர். சுவரை அமுக்கி மொத்தமா கவிழ்த்துவிட்டா, பக்கத்து வீட்டுக்காரரோட சண்டைதான். ஹோஸ் பைப் வெச்சு மெதுவா இறக்குங்க. மாடி கழுவ, டாய்லெட்டுக்கு ஊத்தன்னு அந்தத் தண்ணி நல்லாவே உதவும். குளோரின் போட்டிருந்தா மட்டும் செடிக்கு ஊத்தாதீங்க.

அடுத்தது கழுவுறது. இதை ஏனோதானோன்னு பண்ணக் கூடாது. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரச் சுவர்ல முட்டை ஒட்டி வைக்கும். காய்ஞ்சுபோனாலும் அந்த முட்டைகள் பல மாசம் தாக்குப்பிடிக்கும். அடுத்த முறை தண்ணி பட்டதும் பொரிச்சிடும். வெறுமனே தண்ணி ஊத்தி அலசினா போகாது. பாத்திரம் கழுவுற லிக்விடும் மெத்துன்னு ஒரு ஸ்பாஞ்சும் எடுத்து, ஓரம், மடிப்பு எல்லாத்தையும் அழுத்தித் தேய்ங்க. போர் தண்ணியோட வெள்ளைக் கறைக்கு வினிகர் போதும். ஆனா, வினிகரையோ டாய்லெட் கிளீனரையோ பிளீச்சிங் பவுடரோட கலந்துடாதீங்க. விஷ வாயு வரும்.

கழுவுற வரைக்கும் காத்தை இறக்க வேண்டாம். சோப்பு நுரை முட்டை முட்டையா கொப்பளிக்கிற இடம்தான் ஓட்டை. துடைச்சுட்டு மார்க்கர்ல வட்டம் போட்டு வெச்சுக்கோங்க. முழுசா காய்ஞ்சதும் அங்க பேட்ச் ஒட்டிடலாம்.

காயவைக்கிறதுலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. பழைய காட்டன் துணியால துடைச்சு, நிழல்ல ஒரு நாள் முழுக்க விடுங்க. சுள்ளுனு அடிக்கிற வெயில் பிவிசியோட ஆயுசைக் குறைச்சிடும். சென்னைவாசிகளே, ஜூன் மாச சாயங்கால மழையை நம்பாதீங்க. ஹால்லயே ஃபேனுக்குக் கீழ விரிக்கலாம். தொட்டுப் பார்த்தா விரல்ல ஈரம் ஒட்டக் கூடாது. அப்புறம் காத்தை இறக்கி, டால்கம் பவுடரைத் தூவி, பெரிய பெரிய மடிப்பா தளர்வா மடிங்க. அரிசி மாவு தூவலாமான்னு அம்மா கேட்டாங்க. எறும்புக்கும் கரப்பானுக்கும் விருந்து வைக்கிற ஐடியா அது!

கம்பி ஃபிரேம் வெச்ச குளமா? குழாய்களைச் சாய்ச்சு உள்ள இருக்குற தண்ணியை வடிச்சிடுங்க. இல்லைன்னா துரு பிடிக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா, அடுத்த வருஷம் திரும்ப மாட்டும்போது குழப்பம் இருக்காது.

சாக்குல கட்டி வெச்சா எலி விடாது. மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் நல்லது. தகிக்கிற மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழ இருக்குற பரணைவிட, கட்டிலுக்கு அடியில வைக்கிறது பெட்டர். மேல கனமா எதையும் அடுக்காதீங்க. பேட்ச், பம்ப், வால்வு மூடி எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு டிரம்முக்குள்ளயே வெச்சிடுங்க.

அடுத்த சம்மருக்குப் பெரிய குளம் வாங்குற பிளான் இருக்கா? ஒரு அடி ஆழத் தண்ணி, ஒரு சதுர மீட்டர் தளத்துல 300 கிலோ பாரத்தை ஏத்தும். இன்ஜினீயரைக் கேட்காம அதை மாடிக்குக் கொண்டுபோகாதீங்க. தரையில இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க.