விதை சொன்ன கதை



1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை எடுத்தவர் தாதாசாகேப் பால்கே. இந்திய சினிமாவின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அதுக்கு முன்னாடியே அவர் ஒரு சின்னப் படம் எடுத்தார். அதில் கதாநாயகன் யார் தெரியுமா? ஒரு பட்டாணி விதை! தொட்டியில் நட்ட பட்டாணி நாளுக்கு நாள் வளர்வதைப் படம் பிடித்து, கொஞ்ச நேரத்தில் ஓடுகிற மாதிரி காட்டினார்.

எங்கள் அறிவியல் சார் இதைச் சொன்னதும் எங்களுக்கும் ஆசை வந்தது. எனக்கு ரெண்டு மடங்கு ஆசை. ஏன்னா, காலாண்டுத் தேர்வில் ‘விதையிலிருந்து முதலில் வருவது முளைக்குருத்து’ என்று எழுதி மார்க்கைக் கோட்டை விட்டவள் நான்.

ஒரு கண்ணாடி டம்ளரில் ஈரப் பஞ்சு வைத்தோம். ராத்திரி ஊற வைத்த தட்டைப்பயறு ஒன்றைக் கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவில் செருகினோம். டம்ளர் நகராமல் இருக்க மேசையில் சாக்பீஸால் வட்டம் போட்டோம். சாரின் செல்போனை எப்பவும் ஒரே செங்கல் மேல் வைத்து, பீரியடுக்கு 1 படம். ஒரு நாளைக்கு 8, 5 நாளில் 40 படம்.

கொஞ்சம் கொஞ்சம் மாறுகிற படங்களை வேகமாகக் காட்டினால் நமக்கு அது அசைவது போலத் தெரியும். சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடும். எங்களுக்கு அவ்வளவு ஏது? நொடிக்கு 2 வீதம் 20 நொடி. தத்தித் தத்தித்தான் ஓடியது. ஆனாலும் விதை அசைந்தது!

அடுத்து, விதையே பேசுவது போலக் கதை எழுதிக் குரல் பதிவு செய்யணும். அங்கேதான் மாட்டிக்கிட்டோம். செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளையாக எட்டிப் பார்த்தது வேரா, தண்டா? பாதிப் பேர் தண்டு என்றார்கள், நானும்தான். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். அது கீழ்நோக்கி வளைந்தது. பக்கத்தில் சின்னச் சின்ன வேர் விட்டது. அப்போ அது முளைவேர்! முதலில் தண்ணீர் உறிஞ்சவும் ஊன்றி நிற்கவும் வேர் வேணும். அதற்குப் பிறகுதான் தண்டு வளைந்து நிமிர்ந்து மேலே வரும்.

இன்னொரு சந்தேகம். தண்டோடு மேலே வந்த ரெண்டு தடித்த பாகம் என்ன? இலை என்று எழுதிவிட்டோம். பாடத்தைத் திரும்பப் படித்தால், அவை விதையிலைகள். செடிக்கு உணவு தந்துவிட்டுச் சுருங்கிவிடும். அதனால் கதையில், “இது அம்மா எனக்குக் கட்டிக் கொடுத்த சோத்து மூட்டை” என்று விதை சொல்லும்படி மாற்றினோம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு தோழிதான் விதைக்குக் குரல் கொடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுகிறோம். நாமே கதையாகச் சொல்லும்போதுதான் எது தெரியாது என்று தெரிகிறது. செல்போன் இல்லையா? கவலை வேண்டாம். பழைய நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு படம் வரைந்து, கட்டை விரலால் சரசரவென்று புரட்டுங்கள். அதுவும் ஓடும்!

அரையாண்டில் அந்தக் கேள்வி வரட்டும். நான் தயார்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி