911-க்கு போன் போட்டும் போலீஸ் வரல... வரிக்கு 'நோ' சொன்ன ஊரில் நடந்தது என்ன?

2012 ஆகஸ்ட். அமெரிக்காவின் ஒரிகன் மாகாணம், ஜோசஃபின் கவுண்டி. ஒரு வார இறுதியில் 911 அவசர எண்ணுக்கு ஒரு பெண்ணிடமிருந்து அழைப்பு வருகிறது. ஏற்கெனவே தன்னைத் தாக்கிய முன்னாள் காதலன், இப்போது வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான் என்கிறார். 'அனுப்ப ஆள் இல்லை' என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

மாகாண போலீஸுக்கு அழைப்பை மாற்றியும் பலனில்லை. 10 நிமிடங்களுக்கும் மேல் அவர் லைனிலேயே இருந்தார். யாரும் வரவில்லை. அந்த நபர் உள்ளே புகுந்து அவரைத் தாக்கினான். பிறகுதான் கைது செய்யப்பட்டான்.

போலீஸ் எங்கே போனது?

கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அங்குள்ள கிராண்ட்ஸ் பாஸ் நகருக்குத் தனி போலீஸ் உண்டு. நகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு, மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஷெரீப்பும் அவரது காவலர்களும்தான் முதல் பாதுகாப்பு.

சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்பு, 2012 மே மாதம், ஷெரீப் அலுவலகத்தையும் சிறையையும் நடத்த கூடுதல் சொத்து வரி கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். உடனே பெரும்பாலான காவலர்கள் வேலையிழந்தனர். ரோந்து, வார நாட்களில் பகல் நேரத்தோடு நின்றது. சிறையில் இருந்தும் பலர் விடுவிக்கப்பட்டனர்.

மரம் கொடுத்த பணம்

கதை அதற்கும் முன்பே தொடங்குகிறது. கவுண்டி நிலத்தில் பாதிக்கு மேல் மத்திய அரசின் காடு. அதற்குச் சொத்து வரி போட முடியாது. அதற்குப் பதிலாக, 1937-ல் வந்த சட்டப்படி மரம் விற்ற பணத்தில் ஒரு பங்கு கவுண்டிக்கு வந்தது. அதனால் வீட்டு உரிமையாளர்கள் பெரிதாக வரி கட்ட வேண்டியிருக்கவில்லை.

1990-ல் காட்டில் வாழும் புள்ளி ஆந்தை, ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன, வருமானம் சரிந்தது. இழப்பை ஈடுகட்ட 2000-ல் மத்திய அரசு தனி நிதி ஒதுக்கியது. 2012-ல் அந்தப் பணமும் வறண்டது.

வரியை உயர்த்த வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். 1997-ல் ஒரிகன் வாக்காளர்கள் ஏற்ற 'மெஷர் 50', ஒவ்வொரு கவுண்டியின் நிரந்தர வரி விகிதத்தையும் பூட்டிவிட்டது. ஜோசஃபின் கவுண்டிக்குக் கிடைத்தது, சொத்தின் வரி மதிப்பில் 1,000 டாலருக்கு சுமார் 59 சென்ட். மாகாணத்திலேயே மிகக் குறைவு. இதற்கு மேல் வேண்டுமென்றால், சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் வரியை மக்கள் ஓட்டுப்போட்டு அனுமதிக்க வேண்டும்.

2013-ல் கேட்டது 1,000 டாலருக்கு 1.48 டாலர். அதாவது, 1 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடம் 148 டாலர் கூடுதல். 911 சம்பவம் நாடு முழுக்கப் பேசப்பட்ட பிறகும் அது தோற்றது, அதுவும் நூலிழையில். 2012 முதல் 2015 வரை வரிசையாக நான்கு முறை தோல்வி.

பயமில்லையா மக்களுக்கு?

பயம் இருந்தது. சில இடங்களில் ஆயுதம் ஏந்திய தன்னார்வலர்களே ரோந்து போனார்கள். ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் பலருக்கு 148 டாலரும் சுமைதான். 'காட்டை வெட்ட விட்டால் பணம் தானா வரும்' என்று சிலர் நம்பினார்கள். அரசு பணத்தைச் சரியாகச் செலவழிக்காது என்றார்கள் வேறு சிலர். 'எங்க ஊர் போலீஸுக்கு ஏற்கெனவே கட்டுறோம், இன்னொரு வரி எதுக்கு?' என்பது கிராண்ட்ஸ் பாஸ்வாசிகள் பலரின் கேள்வி.

2017-ல் என்ன மாறியது?

கேட்ட தொகை குறைந்தது: 1,000 டாலருக்கு 93 சென்ட். கேட்ட காரணமும் சுருங்கியது: சிறையும் சிறார் காவல் மையமும் மட்டும். நகர போலீஸ் பிடிப்பவர்களையும் அடைப்பது அதே சிறையில்தான் என்பதால், நகரவாசிகளுக்கும் அதில் பலன் இருந்தது. இந்த முறை மக்கள் 'சரி' என்றார்கள்.

ஆனால் அந்தப் பணம் ரோந்துக்கு இல்லை. பிடிபட்டவரை அடைத்து வைக்க வழி பிறந்தது. கூப்பிட்டால் வந்து நிற்கும் காவலருக்கான பணத்தை கவுண்டி வேறு எங்காவதுதான் தேட வேண்டியிருந்தது.