மார்பகப் புற்றுநோய் திரும்ப வருமா? துப்பு கொடுக்கும் கொலஸ்ட்ரால் புரதங்கள்!

அறுவை சிகிச்சை முடிஞ்சு, கட்டியும் போன பிறகு மார்பகப் புற்றுநோயாளிகள் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி: "இது திரும்ப வருமா?". இந்தக் கேள்விக்குப் பதில் தேட இப்போது கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் புரதங்களையும் ஆய்வாளர்கள் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஹார்ட் அட்டாக்கோடு மட்டுமே சேர்த்துப் பேசப்படும் கொலஸ்ட்ராலுக்கும் மார்பகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கொலஸ்ட்ரால் என்றாலே வில்லன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு செல்லின் வெளிச்சவ்வுக்கும் அது தேவை. ஆனால் அது எண்ணெய்ப் பசை கொண்டது, ரத்தத்தில் தானாகக் கரைந்து ஓடாது. அதனால் புரதங்கள்தான் அதை ஏற்றிச் செல்கின்றன. எல்டிஎல் துகள் கல்லீரலில் இருந்து வரும் கொலஸ்ட்ராலை செல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. செல்லின் வாசலில் நின்று அதை உள்ளே வாங்கிக்கொள்வது எல்டிஎல் ரிசப்டர். இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. மிச்சமானதைத் திரும்ப எடுத்துப்போவது எச்டிஎல். அந்த எச்டிஎல் கொலஸ்ட்ராலை செல்லுக்குள் இறக்கிவிட உதவும் வாசல், எஸ்ஆர்-பி1 என்ற ரிசப்டர்.

புற்றுநோய் செல் வேகமாகப் பிரிகிறது. ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் புதுச் சவ்வு கட்டணும். வீடு கட்டுறவங்களுக்கு செங்கல் லோடு வந்துகிட்டே இருக்கணும் இல்லையா, அதே கதைதான். அதனால் சில கட்டிகளில் இந்த வாசல் புரதங்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கின்றன. எஸ்ஆர்-பி1 அதிகமாக உள்ள மார்பகக் கட்டிகள் மூர்க்கமாக நடந்துகொள்வதாகவும், அந்த நோயாளிகளின் ஆயுட்காலம் குறைவாக இருப்பதாகவும் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஹெர்2-வின் பக்கத்து வீட்டுக்காரர்

இதில் சுவாரஸ்யமானது ஸ்டார்டி3 என்ற புரதம். 1995-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய் பரவிய நிணநீர் முடிச்சுகளில் இதன் மரபணுவைக் கண்டறிந்தார்கள். அப்போது வைத்த பெயர் எம்எல்என்64. செல்லுக்குள்ளேயே ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்குக் கொலஸ்ட்ராலைக் கடத்துவதுதான் இதன் வேலை.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஹெர்2 பாசிட்டிவ்' என்று பலர் பார்த்திருப்பார்கள். அந்த ஹெர்2 மரபணு 17-வது குரோமோசோமில் இருக்கிறது. ஸ்டார்டி3 மரபணு அதற்கு மிக அருகிலேயே இருக்கிறது. கட்டியில் ஹெர்2 பல நகல்களாகப் பெருகும்போது, பக்கத்தில் இருக்கிற இதுவும் சேர்ந்து பெருகிவிடுகிறது. ஸ்டார்டி3 அதிகமுள்ளவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருப்பதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. சிக்கலும் இங்கேதான். கெடுதல் செய்தது ஹெர்2-வா, ஸ்டார்டி3-யா? எப்போதும் ஜோடியாகத் திரியும் இருவரில் யார் குற்றவாளி என்று பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு புரதம் 'முன்கணிப்புக் குறியீடு' ஆக வேண்டுமானால், கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சு, ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர், ஹெர்2 எல்லாம் ஏற்கெனவே சொல்வதற்கு மேல் புதுசாக ஏதாவது சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தப் புரதங்கள் இன்னும் வழக்கமான ரிப்போர்ட்டில் இடம்பிடிக்கவில்லை.

கொலஸ்ட்ராலே ஹார்மோன் வேஷம் போட்டால்?

2013-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 'சயின்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. உடலில் கொலஸ்ட்ரால் உடையும்போது உருவாகும் 27-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ரால், ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடித்து அதன் ரிசப்டரைத் தூண்டுகிறது, எலிகளில் கட்டி வளர்கிறது என்பதுதான் அது. இதைத் தயாரிக்கும் நொதி, மூர்க்கமான கட்டிகளில் அதிகமாக இருந்ததும் தெரிந்தது.

அப்படியானால் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் போதுமா? அவசரப்பட வேண்டாம். ஹார்மோன் சிகிச்சை பெற்ற, மாதவிடாய் நின்ற 8,010 பெண்களின் தகவல்களை 2017-ல் அலசியபோது, சிகிச்சையின்போது கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஆனால் அந்த மாத்திரையை யார் எடுப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவானதல்ல. அதனால் பலன் மாத்திரையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை உறுதிசெய்ய, ஒரு தரப்புக்கு ஸ்டேட்டின், இன்னொரு தரப்புக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வு டென்மார்க்கில் தொடங்கப்பட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தப் புரதங்கள் கட்டியின் திசுவில் பார்க்கப்படுபவை. லேபில் எடுக்கும் லிப்பிட் டெஸ்ட் வேறு. அதில் எல்டிஎல் நார்மல் என்று வந்தால் புற்றுநோய் வராது என்றோ, கூடுதலாக வந்தால் வந்துவிடும் என்றோ அர்த்தம் இல்லை. சிகிச்சையில் இருப்பவர்கள் ஸ்டேட்டினைத் தாங்களாகவே தொடங்குவதும் நிறுத்துவதும் கூடாது. ஏற்கெனவே இதயத்துக்காக அதை எடுப்பவர்கள், புற்றுநோய் டாக்டரிடம் அந்த மாத்திரைச் சீட்டையும் காட்டிவிடுவது நல்லது.