தலைப்பிரட்டை: தவளையா, தேரையா?

நாகபுரியில் ஜூன் மாத நடுவில் பருவமழை தொடங்கியதும், நம்மவர் குடியிருப்புகளின் பின்புறத்து அல்லித் தொட்டிகளில் கரிய புள்ளிகள் நெளியக் காணலாம். கொசுப் புழு என்றெண்ணி மண்ணெண்ணெய் ஊற்றுவோர் உளர். அது கூடாது. பெரிய தலையும் ஒட்டிய வாலுமாக இருந்தால் அவை தலைப்பிரட்டைகள்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். பாடநூல்கள் தேரை என்பது, உடலெங்கும் பருக்களோடு தரையில் தத்தித் திரியும் சொறித்தவளையை. நம் ஊர்ப்பக்கத்திலோ, குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மரத்தவளையைத்தான் பலர் தேரை என்பர். பாட்டிமார் சொல்லைப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. எனினும் இங்கே நாம் கூறுவது சொறித்தவளையையே.

வேற்றுமை முட்டையிலேயே தெரியும். தேரை, கருகமணியைக் கோத்தாற்போல் நீண்ட கூழ் இழைகளில் முட்டையிட்டு நீர்ச்செடிகளில் சுற்றிவிடும். தவளை முட்டைகள் அவ்வாறு சரமாக அமைவதில்லை. தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்திற்கு மேலே, சோப்பு நுரைபோல் ஏதேனும் ஒட்டியிருந்தால் அது மரத்தவளையின் கூடு, துடைத்தெறிய வேண்டா. குஞ்சுகள் அதிலிருந்து நீரில் விழும்.

முட்டையைக் காணத் தவறியவர்கள் ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும்; பொரித்த புதிதில் எதையும் துணிந்து கூறலாகாது. தேரையின் தலைப்பிரட்டை சிறியது, நல்ல கறுப்பு. பொதுப் பெட்டிப் பயணிகளைப்போல் நெருக்கியடித்துக் கூட்டமாகவே திரியும். அக்கூட்டம் தற்செயலன்று. தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைதாபூர், கிரீஷ் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, இவை உடன்பிறந்தவற்றை இனங்கண்டு சேர்கின்றன என்று காட்டிற்று.

வயல்களில் வாழும் பெருந்தவளையின் குஞ்சோ வெளிர்நிறமானது, விரைவில் பருத்துவிடும். அது ஊன் தின்பது. தேரைக் குஞ்சுகளை மட்டுமன்றித் தன் இனத்தையும் விடாது. இரண்டையும் ஒரே பாட்டிலில் இட்டால் மறுநாள் எண்ணிக்கை குறைந்திருக்கும். தம்பி கொட்டிவிட்டான் என்று அக்காள் பழி சொல்வாள்! ஆகவே பிள்ளைகள் பார்த்தபின் அவற்றைத் தொட்டியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பெருந்தவளையை வெறுக்கவும் வேண்டா. பயிர்ப் பூச்சிகளைத் தின்னும் அதனைக் காலுக்காகப் பிடித்து அயல்நாடுகளுக்கு அனுப்பிவந்தனர். 1987-இல் அவ்வேற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது.

குழாய்நீரில் குளோரின் உண்டு. ஒரு நாள் வாளியில் வைத்திருந்து, பிறகு தொட்டியில் ஊற்றுவது நன்று. பின்னங்கால்கள் முதலில் தோன்றும், முன்னங்கால்கள் பிறகு. முன்னங்கால் கண்டவுடன் தொட்டியில் சாய்வாக ஒரு கல்லோ பலகையோ வைத்துவிடுங்கள். அப்போது அவை காற்றைச் சுவாசிக்கத் தொடங்கியிருக்கும். சிமெண்டுச் சுவரில் ஏற இயலாமல் தேரைக் குஞ்சுகள் மூழ்கி இறந்துபோகும். வெளிவரும் குட்டித் தேரை விரல்நகத்தின் அளவே இருக்கும். அந்நாட்களில் முற்றத்தில் பார்த்து நடக்க வேண்டும்.