பம்ப் புதுசு, வியாதி பழசு

செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அல்லது மேம்பாலம் ஏறும்போது இழுவை விட்டுப்போகிறது. ஓரங்கட்டிக் கொஞ்சநேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்புகிறது. பட்டறையில் பார்த்துவிட்டு ‘ஃப்யூயல் பம்ப் போச்சு சார்’ என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவில் புதிய பம்ப் ஏறுகிறது. ஆறு மாதம் கழித்து அதே மேம்பாலத்தில் அதே திணறல். பத்துப் பதினைந்து வயதான பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது பழகிப்போன கதை. பம்ப் தானாகப் பழுதாவதைவிட, அதைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒன்று அதைப் பழுதாக்குவதே அதிகம். அதைத் தேடாமல் பம்பை மட்டும் மாற்றினால் செலவு திரும்பி வரத்தான் செய்யும்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 காலத்தில் பம்ப் எஞ்சினோடு பூட்டியிருக்கும். கேம்ஷாஃப்ட் சுழலும்போது ஒரு நெம்புகோல் அசைந்து, உள்ளே இருக்கும் டயஃப்ரத்தை ஏற்றி இறக்கும். அந்த இழுப்பில் பெட்ரோல் வரும். டயஃப்ரம் கிழிந்தால் கிட் வாங்கி மாற்றிவிடலாம். கோடையில் எஞ்சின் சூடு தாங்காமல் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், டிரைவர்கள் பம்ப்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஓட்டினார்கள். கார்புரேட்டருக்கு 0.3 பார் அளவு அழுத்தம் கிடைத்தாலே போதும்.

2000ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் இறுகின. கார்புரேட்டர் இருந்த இடத்துக்கு எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்ஷன் முறை வந்தது. இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்ச ஏறத்தாழ 3 பார் அழுத்தம் வேண்டும், அதாவது முன்பைவிடப் பத்து மடங்கு. அதற்காக மின்மோட்டார் பம்பை டேங்குக்குள்ளேயே இறக்கினார்கள். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கடியில் ஓரிரு விநாடி கேட்கும் ரீங்காரம் அதனுடையதுதான்.

போர்வெல்லில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டாரைப் போலத்தான் இதுவும். தள்ளும் திரவமே இதைக் குளிரவும் வைக்கிறது, வழவழப்பும் தருகிறது. தண்ணீர் வற்றியபின் ஓடும் போர்வெல் மோட்டார் கருகிப்போவதுபோல, பெட்ரோல் சரியாகக் கிடைக்காத பம்பும் சூடேறித் தேய்கிறது. எப்போதும் ரிசர்வ் முள்ளிலேயே வண்டி ஓட்டுவதன் கேடு இதில் இருக்கிறது. டேங்கில் சொற்பமாகக் கிடக்கும் பெட்ரோல் சீக்கிரம் சூடாகிறது. வளைவுகளில் அது ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கிறது.

பழைய வண்டிகளில் பல, தகரத்தால் ஆன டேங்க் கொண்டவை. பாதி காலியாக நிற்கும் டேங்கின் உட்சுவரில் ஈரம் படிந்து துரு பிடிக்கிறது. மாதக்கணக்கில் நகராமல் நிற்கும் வண்டியில் இது இன்னும் வேகமாக நடக்கும். பம்பின் வாயில் இருக்கும் வலைப்பையை, ஸ்ட்ரெய்னர் என்பார்கள், துருவும் வண்டலும் அடைத்துவிட்டால் பம்ப் மூச்சுத் திணறுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. வலையைத் தாண்டிப் போகும் நுண்துகள்கள் உள்ளே சுழலும் இம்பெல்லரைத் தேய்க்கின்றன. வெளியேறும் பக்கத்து ஃபில்டர் அடைத்தால் வேறுவிதமான கேடு: அழுத்தம் கூடி, மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து, கார்பன் பிரஷ் கரைகிறது. அழுக்கு டேங்கில் புதிய பம்பை இறக்கினால் முதல் நாளிலிருந்தே அதற்கும் அதே கதிதான்.

பட்டறைகளில் அதிகம் தப்பிப்போவது மின்சாரத்தின் பக்கம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவு இருக்கும். ரிலே, கப்ளர், எர்த்து ஒயர் எல்லாம் தாண்டிப் பம்புக்குப் போய்ச்சேரும்போது அதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போனால் வழியில் எங்கோ பச்சை பிடித்திருக்கிறது என்று பொருள். மோட்டார் மெதுவாகச் சுழலும், அழுத்தம் இறங்கும், வண்டி திணறும். அறிகுறி அப்படியே பம்ப் பழுதின் அறிகுறி. நல்ல பம்ப் குப்பைக்குப் போய்விடுகிறது! இளகிப்போன கப்ளர் முனைகள் சூடேறி உருகுவதும் உண்டு. கருகிய அந்தக் கப்ளரிலேயே புதிய பம்பைச் செருகினால் எத்தனை நாள் தாங்கும்? மல்டிமீட்டர் வைத்து, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் வோல்ட் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் பம்பை மாற்றச் சொல்வதை வாடிக்கையாளர் ஏற்கவே கூடாது.

எத்தனால் பற்றிய கவலை இப்போது பலமாகக் கேட்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2025இல் 20 சதவீதம் ஆனது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. டேங்கில் வருடக்கணக்கில் ஒட்டியிருந்த படிவையும் கரைத்து இளக்கும். அது நேரே ஸ்ட்ரெய்னருக்குத்தான் வரும். பழைய ரகக் குழாய்களும் ரப்பர் வளையங்களும் எத்தனாலில் உப்பி வெடிக்கலாம். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவதும் சரியல்ல. எத்தனால் இவ்வளவு கலப்பதற்கு முன்பும் பம்புகள் இதே காரணங்களால் போய்க்கொண்டுதான் இருந்தன.

சில சமயம் குற்றம் பம்பிலேயே இருக்கும். மாருதி சுசூகி 2020 ஜூலையில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைப் பம்ப் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2024 அக்டோபரில் இம்பெல்லர் குறைபாட்டுக்காக 90,468 கார்களை அழைத்தபோது, உதிரிபாகமாக அந்தப் பம்பை வாங்கிப் பொருத்தியிருந்த 2,204 வண்டிகளையும் சேர்த்தே அழைத்தது. கம்பெனிப் பொருளே இப்படித் தவறும்போது, பெட்டியில் மட்டும் பெயர் அச்சிட்ட போலிச் சரக்கை நம்புவது இன்னும் ஆபத்து. இப்படித் திரும்ப அழைத்த பட்டியலில் வண்டி இருந்தால் பம்பை இலவசமாகவே மாற்றித் தருவார்கள். நிறுவனங்களின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பம்பைக் கழற்றும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நிற்பது நல்லது. ஸ்ட்ரெய்னரைக் கையில் வாங்கிப் பார்த்தால் கறுத்த வண்டலா, செந்துருவா என்று தெரிந்துவிடும். துரு இருந்தால் டேங்கை இறக்கிக் கழுவியாக வேண்டும், அரித்துப்போயிருந்தால் மாற்றியாக வேண்டும். ஃபில்டர், ஸ்ட்ரெய்னர், கப்ளர் மூன்றையும் பம்போடு சேர்த்து மாற்றுவதற்கு ஆகும் கூடுதல் செலவு, இன்னொரு பம்பின் விலையைவிடக் குறைவுதான். பிறகு அழுத்தமானியைப் பொருத்தி, அந்த வண்டிக்கு நிறுவனம் சொன்ன அளவு அழுத்தம் வருகிறதா என்று பார்த்தபின் பின்சீட்டை மூடச் சொல்ல வேண்டும்.